கருக்கலைப்பைப் பற்றிய மக்கள் மனநிலை நாட்டுக்கு நாடு வேறுபடுவது ஏன்?

கேள்வி இதுதான்: அயர்லாந்து, போலந்து இரண்டும் கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். ஒன்றில் மக்களே வாக்களித்துக் கருக்கலைப்புக்கு வழிவிட்டார்கள். மற்றொன்றில் ஏறக்குறைய அதே காலத்தில் தடை மேலும் இறுகியது. அப்படியானால் இந்த விஷயத்தில் மக்கள் மனநிலையைத் தீர்மானிப்பது மதமா, சட்டமா, வேறு ஏதாவதா? இந்தியர்கள் இதில் எங்கே நிற்கிறார்கள்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதத்துக்கு இதில் பங்குண்டு. ஆனால் பலரும் நினைப்பதைவிடக் குறைவான பங்குதான். ஒரு நாட்டின் மத அமைப்பு அங்குள்ள அரசோடும் மக்களோடும் எப்படிப்பட்ட உறவில் இருந்து வந்திருக்கிறது என்பது, அந்த மதம் என்ன போதிக்கிறது என்பதைவிட அதிகமாக விளக்குகிறது. அதையும் தாண்டி, கேள்வி மக்கள் முன் எந்த வடிவில் வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ‘கருக்கலைப்பு சரியா, தவறா?’ என்று வந்தால் ஒரு விடை கிடைக்கிறது. ‘இந்தப் பெண், இந்த நிலையில், இத்தனையாவது வாரத்தில் என்ன செய்வது, அதை யார் முடிவு செய்வது?’ என்று வந்தால் அதே மனிதரிடமிருந்து வேறொரு விடை கிடைக்கிறது. கருத்துக்கணிப்புக் கேள்வித்தாள்களைத் தமிழாக்கும் வேலையில் சில ஆண்டுகள் இருந்த எனக்கு, இந்த இரண்டு விடைகளுக்கும் இடையே உள்ள தூரம் ஒவ்வொரு முறையும் கண்ணில் பட்டிருக்கிறது.

எண்களிலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2023இல் 24 நாடுகளில் இதைக் கேட்டது. எல்லா அல்லது பெரும்பாலான சூழல்களிலும் கருக்கலைப்புச் சட்டப்படி அனுமதிக்கப்பட வேண்டும் என்று ஸ்வீடனில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் சொன்னார்கள். நைஜீரியாவில் அப்படிச் சொன்னவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. இந்தியாவில் பத்தில் ஆறு பேர் அளவில். இந்த எண்களில் பொய்யில்லை என்றாலும், அவற்றை ஒரு நாட்டின் நிலையான குணமாகப் படிப்பதுதான் தவறு. 1960களின் நடுவில், சொந்த நாட்டில் அனுமதி கிடைக்காத ஸ்வீடன் நாட்டுப் பெண்கள் கடல் கடந்து கம்யூனிஸ்ட் போலந்துக்குப் போய்க் கருக்கலைப்புச் செய்துகொண்டார்கள். அவர்கள்மீது வழக்குப் போடுவதா என்பது அன்று ஸ்வீடனில் பெரிய விவாதமாகவே நடந்தது. இன்று பயணத்தின் திசை நேரெதிராகிவிட்டது. இரண்டு தலைமுறைக்குள் இவ்வளவு புரளக்கூடிய ஒன்றை நாட்டின் பிறவிக்குணம் என்று சொல்ல முடியாது.

அயர்லாந்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு சமூகம் தன் மனத்தை மாற்றிக்கொண்டதை இவ்வளவு வெளிச்சத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. அங்கே 1861ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டப்படியே கருக்கலைப்புக் குற்றமாக இருந்தது. அது போதாது, பின்னாளில் ஏதாவது நீதிமன்றம் அதைத் தளர்த்திவிடக்கூடும் என்று அஞ்சியவர்கள், கருவின் உயிருக்கும் தாயின் உயிருக்கும் சமமான உரிமை தரும் எட்டாவது திருத்தத்தை அரசியலமைப்பில் சேர்க்கக் கோரினார்கள். 1983இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் சுமார் 67 சதவீதத்தினர் அதை ஏற்றார்கள். 35 ஆண்டுகள் கழித்து, 2018 மே 25 அன்று, 66.4 சதவீதத்தினர் அதே திருத்தத்தை நீக்க வாக்களித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு என்ற அதே அளவு, எதிர்ப்பக்கத்தில்.

இடையில் நடந்தவற்றில் முதலாவது 1992ஆம் ஆண்டின் வழக்கு. பாலியல் வன்முறையால் கருவுற்ற 14 வயதுச் சிறுமியைப் பெற்றோர் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றிருந்தபோது, அவள் கருவைக் கலைக்கக் கூடாது என்று நீதிமன்றம் தடை விதித்தது. அவர்கள் திரும்பி வர நேர்ந்தது. எட்டாவது திருத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தவர்களில் பலர், தாங்கள் வாக்களித்தது இதற்குத்தானா என்று அதிர்ந்துபோனார்கள். தற்கொலை செய்துகொள்ளும் அபாயமும் உயிராபத்தே என்று உச்ச நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில், இதற்காக வெளிநாடு செல்லும் உரிமையை மக்கள் வாக்களித்து உறுதி செய்தார்கள். அதன் பொருளைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்: நம் மண்ணில் நடக்கக் கூடாது, ஆனால் நம் பெண் கப்பலேறிப் போய்வரலாம். 2000ஆம் ஆண்டையொட்டிய உச்சக் காலத்தில் ஆண்டுக்கு 6,000க்கும் மேற்பட்ட பெண்கள் அப்படிப் போனார்கள். ‘எதிர்க்கிறேன்’ என்று கணிப்பில் சொன்ன எத்தனையோ வீடுகளிலிருந்தும் அவர்கள் போயிருப்பார்கள்.

இரண்டாவது, நம் ஊர்ப்பக்கத்துப் பெண்ணைப் பற்றியது. கர்நாடகத்தின் பெலகாவியைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர் 31 வயதில், 17 வாரக் கர்ப்பத்துடன், 2012 அக்டோபர் 21 அன்று கால்வே நகரின் பல்கலைக்கழக மருத்துவமனையில் முதுகுவலியோடு சேர்ந்தார். கரு நிலைக்காது, கலைந்துவிடும் என்பது விரைவில் தெளிவாகிவிட்டது. அப்படியானால் இப்போதே கலைத்துவிடுங்கள் என்று அவர் கேட்டார். கருவின் இதயத் துடிப்பு இருக்கும்வரை சட்டம் இடம் தராது என்று மறுக்கப்பட்டது. இது கத்தோலிக்க நாடு என்ற பொருளில் ஒரு செவிலியர் சொன்ன சொல், பின்னர் நடந்த மரண விசாரணையில் அவராலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. நோய்த்தொற்று இரத்தத்தில் பரவி, அக்டோபர் 28 அன்று சவிதா இறந்தார். தொற்றைக் கண்காணிப்பதில் நேர்ந்த தவறுகளும் விசாரணைகளில் சுட்டிக்காட்டப்பட்டன. ஆனால் மக்கள் மனத்தில் தங்கியது, கேட்டும் கிடைக்காமல் படுக்கையில் காத்திருந்த அந்த ஒரு வாரம்.

2018 வாக்கெடுப்பு நாளில் டப்ளின் நகரச் சுவரொன்றில் சவிதாவின் முகம் பெரிதாக வரையப்பட்டிருந்தது. வாக்களித்துவிட்டு வந்தவர்கள் அந்தச் சுவரில் சின்னஞ்சிறு ஒட்டுச்சீட்டுகளை ஒட்டினார்கள், பூ வைத்தார்கள். சீட்டுகள் பலவற்றில் எழுதியிருந்தது மன்னிப்பு. பெலகாவியிலிருந்து அவருடைய தந்தை, என் மகளை நினைத்து வாக்களியுங்கள் என்று அயர்லாந்து மக்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். வாக்குச்சாவடிகளுக்கு வெளியே நடந்த கணிப்பில், உங்கள் முடிவைப் பாதித்தது எது என்ற கேள்விக்கு மிகுதியானோர் குறிப்பிட்டவை, ஊடகங்களில் பெண்கள் சொன்ன சொந்த அனுபவங்களும் தமக்குத் தெரிந்த ஒருவரின் அனுபவமுமே.

இதோடு வேறொன்றும் நடந்தது. 2016இல் அயர்லாந்து அரசு, வாக்காளர்களிலிருந்து குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்த 99 பேரைக் கொண்டு மக்கள் மன்றம் ஒன்றைக் கூட்டியது. உச்ச நீதிமன்ற நீதிபதி மேரி லாஃபாய் அதற்குத் தலைமை வகித்தார். ஐந்து வார இறுதிகள் அவர்கள் உட்கார்ந்து மருத்துவர்களையும் சட்ட அறிஞர்களையும் இரு தரப்பு இயக்கத்தினரையும், கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்களையும் செய்துகொள்ள மறுத்த பெண்களையும் கேட்டார்கள். முடிவில் 64 சதவீதத்தினர், குறிப்பிட்ட காலத்துக்குள் காரணம் கேட்காமலேயே அனுமதிக்கலாம் என்றார்கள். அரசியல்வாதிகள் இதை நம்பவில்லை; சாதாரண மக்கள் இவ்வளவு தூரம் வரமாட்டார்கள் என்று பலரும் பேசினார்கள். ஓராண்டு கழித்து நாடு முழுவதும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் வாக்களித்தது. டோனகல் தொகுதி ஒன்றுதான் எதிர்த்தது. அவசரமில்லாமல் கேட்டால் மக்கள் என்ன சொல்வார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஆகச் சிறந்த சான்று இதுதான்.

இனி, இதே கத்தோலிக்க மதம் போலந்தில் ஏன் வேறு விளைவைத் தந்தது என்பதற்கு வரலாம். அயர்லாந்தில் திருச்சபைதான் அதிகாரம்: பள்ளிகளும் மருத்துவமனைகளும் அதன் கையில் இருந்தன. 1990களிலிருந்து குழந்தைகள்மீதான கொடுமைகளும், திருமணமாகாத தாய்மார்களை அடைத்து வைத்த இல்லங்களின் கதைகளும் ஒவ்வொன்றாக வெளிவந்தபோது, பெண்களுக்கு ஒழுக்கம் போதிக்கும் தகுதியையே அது இழந்தது. போலந்தில் அதே திருச்சபை கம்யூனிஸ்ட் அரசுக்கு எதிராக மக்களோடு நின்றது. 1956 முதல் தாராளமாக இருந்த கருக்கலைப்புச் சட்டம், பழைய ஆட்சி விட்டுச்சென்றதாகப் பார்க்கப்பட்டது. ஆகவே ஜனநாயகம் வந்ததும் 1993இல் அது சுருக்கப்பட்டது: தாயின் உயிர் அல்லது உடல்நலம், பாலியல் குற்றம், கருவின் கடுமையான குறைபாடு என மூன்று காரணங்களுக்கு மட்டும். இதைச் ‘சமரசம்’ என்றே அங்கே அழைத்தார்கள். 2020 அக்டோபர் 22 அன்று அரசியலமைப்புத் தீர்ப்பாயம் மூன்றாவது காரணத்தை நீக்கியது. அந்நாட்டில் ஆண்டுக்குச் சட்டப்படி நடந்த சுமார் 1,100 கருக்கலைப்புகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை அந்த ஒரு காரணத்தின்கீழ் நடந்தவை. அதை எதிர்த்து, கொரோனா காலத்திலும் லட்சக்கணக்கானோர், போராட்டத்தின் அடையாளமான சிவப்பு மின்னல் சின்னத்தோடு, சிற்றூர்களில்கூடத் தெருவில் இறங்கினார்கள். சமரசமே போதும் என்று இருந்தவர்களில் கணிசமானோர், பன்னிரண்டு வாரம் வரை பெண்ணே முடிவு செய்யலாம் என்ற பக்கம் நகர்ந்ததை அடுத்தடுத்த கணிப்புகள் காட்டின. இருந்தும் 2024 ஜூலையில், கருக்கலைப்புக்கு உதவுவோரைத் தண்டிக்கும் பிரிவைத் தளர்த்தும் மசோதா நாடாளுமன்றத்தில் 215க்கு எதிராக 218 வாக்குகளால் தோற்றது. எனவே போலந்தின் சட்டத்தைப் பார்த்துப் போலந்து மக்களின் மனத்தைக் கணிப்பது தவறு. மனநிலையில் இரு நாடுகளும் ஒரே திசையில்தான் போகின்றன. சட்டத்தை எட்டும் பாதைதான் ஒன்றில் திறந்திருந்தது, மற்றொன்றில் அடைபட்டிருக்கிறது.

அமெரிக்காவிலும் இந்த இடைவெளியே தெரிகிறது. ‘எல்லாச் சூழலிலும் அனுமதி, சில சூழல்களில் அனுமதி, எப்போதும் கூடாது’ என்று கேலப் என்னும் கருத்துக்கணிப்பு நிறுவனம் 1975 முதல் கேட்டு வருகிறது. ஏறக்குறைய பாதிப்பேர் தொடர்ந்து நடுவிலேயே நிற்கிறார்கள். முதல் மூன்று மாதங்களுக்கு ஆதரவு பெரும்பான்மையாக இருக்கிறது; மாதம் கூடக்கூடச் சரிகிறது. நாடு முழுவதும் கருக்கலைப்பை அரசியலமைப்பு உரிமையாக்கிய 1973ஆம் ஆண்டின் ரோ தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 24 அன்று ரத்து செய்த ஆறே வாரத்தில், குடியரசுக் கட்சியின் கோட்டையான கான்சஸ் மாநிலத்தில், மாநில அரசியலமைப்பில் கருக்கலைப்புக்கு இருந்த பாதுகாப்பை நீக்கும் திருத்தத்தை 59 சதவீதத்தினர் நிராகரித்தார்கள். 2024இல் ஃபுளோரிடாவில் 57 சதவீதத்தினர் கருக்கலைப்பு உரிமைக்கு ஆதரவாக வாக்களித்தும், அங்கே 60 சதவீதம் தேவை என்பதால் அது தோற்றது. மதத்தைப் பற்றிய ஒரு குறிப்பும் இங்கே தேவை: இன்று தடையின் முன்னணியில் நிற்கும் தெற்கு பாப்டிஸ்ட் சபை என்னும் அமெரிக்கக் கிறித்தவ அமைப்பு, 1971இல் தன் மாநாட்டில், பாலியல் வன்முறை, கருவின் குறைபாடு, தாயின் உடல், மன நலம் ஆகிய காரணங்களுக்காக அனுமதிக்கும் சட்டத்துக்கு ஆதரவாகவே தீர்மானம் போட்டது. வேதநூல் அன்றும் அதுதான், இன்றும் அதுதான்.

ஆதரவு என்றால் வருத்தமின்மை என்று பொருளல்ல என்பதை ஜப்பான் காட்டுகிறது. போருக்குப் பிந்தைய பஞ்சத்திலும் நெருக்கடியிலும் 1948இலேயே அங்கே கருக்கலைப்புக்குச் சட்டம் வழிவிட்டது. கருத்தடை மாத்திரைக்கோ 1999 வரை அனுமதி இல்லை. டோக்கியோவின் ஸோஜோஜி கோயிலில் ஜிஸோ என்னும் காவல் தெய்வத்தின் சிறு கற்சிலைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு நூல் தொப்பி. பக்கத்தில் காகிதக் காற்றாடி. பிறக்காமல் போன குழந்தையை ‘நீர்க்குழந்தை’ என்று அழைக்கிறார்கள். தானாகக் கலைந்ததோ, கலைத்ததோ, இறந்து பிறந்ததோ, எல்லாவற்றுக்கும் ஒரே சடங்கு. ‘ஆதரவு’, ‘எதிர்ப்பு’ என்ற இரண்டு கட்டங்களில் அந்தச் சிலையின் முன் நிற்கும் தாயை எதில் குறிப்பது? அதே நாட்டின் சட்டம் பெரும்பாலும் கணவரின் ஒப்புதலையும் கேட்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அனுமதி இருப்பதும் உரிமை இருப்பதும் ஒன்றல்ல என்பது புரியும்.

வங்காளதேசத்தில் பெயரே எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறது. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டப்படி அங்கே கருக்கலைப்பு, தாயின் உயிரைக் காக்க அல்லாமல், குற்றம். ஆனால் 1979 முதல் ‘மாதவிடாய்ச் சீராக்கம்’ என்ற பெயரில், கர்ப்பம் உறுதி செய்யப்படாத நிலையில், அரசுக் குடும்பநலத் திட்டத்தின் வழியாகவே அந்தச் சிகிச்சை கிடைக்கிறது. கருக்கலைப்பை ஏற்கிறீர்களா என்று கேட்டால் கூடாது என்று சொல்லும் பெண், நாள் தள்ளிப்போனதற்கு மருத்துவம் பார்த்துக்கொள்வதில் தயங்குவதில்லை. அதை இரட்டை வேடம் என்று நான் சொல்லமாட்டேன். ஊரோடு வாழ வேண்டிய ஒருத்தி கண்டுகொண்ட மொழி அது.

அதே மொழி நம்மிடமும் உண்டு. ‘நாள் தள்ளிப்போச்சு, மாத்திரை குடுங்க’ என்று மருந்துக்கடையில் கேட்பவர், தான் கருக்கலைப்புச் செய்துகொண்டதாக நினைப்பதில்லை. 2015இல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் ஏறக்குறைய 1 கோடியே 56 லட்சம் என்றும், அவற்றில் முக்கால் பங்கு அளவுக்கு மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை என்றும் ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. தமிழில் கேள்வி கேட்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பேச்சுவழக்கில் ‘அபார்ஷன் ஆயிடுச்சு’ என்றால் பெரும்பாலும் தானாகக் கலைந்தது. ‘கலைச்சிட்டாங்க’ என்றால்தான் செய்துகொண்டது. நாளிதழ்களோ கருச்சிதைவையும் கருக்கலைப்பையும் மாற்றி மாற்றி எழுதுகின்றன. ஆங்கிலக் கேள்வியை நேராகப் பெயர்த்தால், எதற்கு விடை வருகிறது என்பதே தெரியாது. தருமபுரிப் பக்கம் ஒரு கிராமத்தில், கேள்வித்தாளைச் சோதித்துப் பார்க்கப் போனபோது, அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா முதல் கேள்விக்கு, ‘பாவம்ங்க, அதெல்லாம் கூடாது’ என்றார். அடுத்த கேள்வி, ஏற்கெனவே மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு, குடிக்கிற கணவனோடு வாழும் ஒருத்தியைப் பற்றியது. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அவளுக்கு வேற என்ன வழி இருக்கு, சொல்லுங்க’ என்று என்னையே கேட்டார். எங்கள் தாளில் அதைக் குறிக்க ஒரு கட்டமும் இல்லை.

கேள்வியின் சொல் எவ்வளவு தூரம் விடையை இழுக்கும் என்பதற்கு, பியூ மையம் 2019–20இல் இந்தியாவில் சுமார் 30,000 பேரிடம் நடத்திய கணிப்பே சாட்சி. குடும்பத்தில் ஆண், பெண் எண்ணிக்கையைச் சமன் செய்ய நவீன முறையில் பரிசோதனை செய்துகொள்வது ஏற்கத்தக்கதா என்று பூடகமாகக் கேட்டார்கள். பாலினம் பார்த்துக் கருவைக் கலைப்பதுதான் அதன் உட்பொருள். ஏறக்குறைய பத்தில் நான்கு பேர் முழுமையாகவோ ஓரளவோ ஏற்கத்தக்கது என்றார்கள். அறவே கூடாது என்றவர்களும் ஏறக்குறைய அதே அளவுதான். ‘பெண் சிசுவை அழிக்கலாமா?’ என்று கேட்டிருந்தால் இந்த விடை வந்திருக்காது.

இந்தியாவின் நிலைமைக்கு வரலாறும் ஒரு காரணம். கருக்கலைப்பை அனுமதிக்கும் நம்முடைய 1971ஆம் ஆண்டுச் சட்டம் பெண்கள் போராடிப் பெற்றதல்ல. பாதுகாப்பற்ற முறைகளால் நிகழ்ந்த சாவுகளை ஆராய்ந்த சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரையும் மக்கள்தொகைக் கட்டுப்பாட்டின் அவசரமும் சேர்ந்து அதைக் கொண்டுவந்தன. அயர்லாந்தைப் போல ஊர் ஊராக விவாதம் நடக்கவில்லை; ஆகவே சட்டம் ஐம்பது ஆண்டுகளாக இருந்தும், அது இருப்பதே பலருக்குத் தெரியாது. பின்னர் 1994இல் கருவின் பாலினத்தை அறிவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. உசிலம்பட்டியும் சேலமும் பெண் சிசுக்கொலைக்காகச் செய்தியில் அடிபட்டு, 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்ட மாநிலம் நம்முடையது. இங்கே அந்தச் சட்டம் தேவை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் ஸ்கேன் மையங்களில் தொங்கும் எச்சரிக்கைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து, கருக்கலைப்பே குற்றம் என்று படித்தவர்கள்கூட நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இலங்கையில் அது உண்மையாகவே குற்றம்: 1883ஆம் ஆண்டின் தண்டனைக் கோவை, தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டுமே இடம் தருகிறது, 1995இலும் 2017இலும் அதைத் தளர்த்த எடுத்த முயற்சிகள், மதத் தலைவர்களின் எதிர்ப்புக்கிடையே நின்றுபோயின.

மக்களின் கருத்தோடு, கதவருகே நிற்பவரின் கருத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். இத்தாலியில் 1978இல் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் வந்தது. 1981 வாக்கெடுப்பில் மக்கள் அதைக் காப்பாற்றினார்கள். ஆனாலும் மகப்பேறு மருத்துவர்களில் பெரும்பான்மையோர் மனச்சாட்சியைக் காரணம் காட்டி மறுப்பதால், பல ஊர்களில் பெண்கள் அலைகிறார்கள். இந்தியாவில் மறுப்பு வேறு வடிவில் வருகிறது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், குறிப்பிட்ட வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்தும் போதும். திருமணமாகாத பெண்ணுக்கும் இதில் சம உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தெளிவாகச் சொல்லிவிட்டது. 18 வயது நிறைந்த பெண்ணின் ஒப்புதல் தவிர வேறு எவருடைய ஒப்புதலையும் சட்டம் கேட்பதில்லை. ஆயினும் புறநோயாளிப் பிரிவில் முதலில் எழும் கேள்வி, ‘வீட்டுக்காரர் வந்திருக்காரா?’ என்பதுதான். நான் பார்த்த எந்தக் கேள்வித்தாளிலும், ஒப்புதல் கையெழுத்து யாருடையதாக இருக்க வேண்டும் என்று மக்களைக் கேட்டதில்லை. இனி இந்தியாவில் இதைப் பற்றிக் கணிப்பு நடத்துபவர்கள், சரியா தவறா என்று கேட்பதற்கு முன்னால் அதைக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.